சைமின் வீட்டுத் தலைக்கணக்கு

அன்ருத் பென்சிலைச் சீவுவது இது மூன்றாவது முறை. முனை உடையவே இல்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

எதிரே சைமின் கோழி வெட்டிக்கொண்டிருந்தார். லெலிடோர்ப் ஊரே அவர் கடை சவோத்தோ சூப்புக்கு அடிமை. பலகையில் கத்தி இறங்கும்போதெல்லாம் அன்ருத்தின் கண்கள் தாமாக மூடித் திறந்தன.

தென்னமெரிக்காவின் சுரினாம் நாடு முழுக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தது. அன்ருத்துக்குக் கொடுத்திருந்தது வேறு தெரு. கூட வேலை பார்க்கும் ஒருவனைக் கெஞ்சிக் கூத்தாடி இந்தத் தெருவுக்கு மாற்றிக்கொண்டு வந்திருந்தான்.

எல்லாம் சைமினின் மகள் சுமினாவுக்காக. இரண்டு வருஷக் காதல்.

"நாளைக்கே வந்து அப்பாகிட்ட பொண்ணு கேளு. இல்லேன்னா இந்தப் பக்கமே வராதே" என்று நேற்றுப் போனில் சொன்னாள். அப்படி என்ன தலைபோகிற அவசரம் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

வெறுங்கையோடு போய் நின்றால் துரத்திவிடுவார். அரசாங்கப் படிவத்தோடு போனால் உட்காரவாவது சொல்வார் என்று கணக்குப் போட்டிருந்தான். உட்காரச் சொன்னார். அதோடு சரி.

"இனம் என்னங்கய்யா?"

"என் மூஞ்சியப் பாத்தா எப்படித் தெரியுது? ஜாவா. அழுத்தி எழுது, அழிஞ்சிடப் போகுது. போன தடவையும் உங்க ஹிந்துஸ்தானி ஆளுங்கதான் ஜாஸ்தின்னு ரேடியோல வாசிச்சான்."

ஏதோ அந்த இந்திய வம்சாவளி ஜனத்தொகை முழுவதையும் அன்ருத் ஒருவனே பெருக்கிவிட்ட மாதிரி முறைத்தார்.

"மதம்?"

"இஸ்லாம். மேற்கே பாத்துத் தொழறவங்கன்னு சேத்து எழுது."

"அதுக்குக் கட்டம் இல்லைங்களே."

"கட்டம் இல்லேன்னா ஓரத்துல எழுது. கிழக்கே பாக்குற கூட்டத்தோட என்னையும் சேத்து எண்ணிப்புடாதே."

ஓரத்தில் எழுதினான். சைமினின் முன்னோர்கள் ஜாவாவில் இருந்தவரை மக்கா மேற்கே இருந்தது. கப்பலேறி இங்கே வந்து இறங்கியதும் அது கிழக்கே போய்விட்டது. பல குடும்பங்கள் திரும்பிக்கொண்டன. சைமின் குடும்பம் மட்டும் அசைவதாக இல்லை.

போன வருஷம் சுமினாவைப் பெண் கேட்டு வந்தவனும் ஜாவாக்காரன்தான். பள்ளிக்கூட வாத்தியார். ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அவன் வீட்டில் கிழக்கே பார்ப்பார்கள் என்று தெரிந்ததும் வாசலோடு அனுப்பிவிட்டார்.

அன்ருத் வீட்டு முற்றத்திலோ அனுமார் கொடி பறக்கிறது. அவனுக்கு எட்டுத் திசையும் உதவாது.

மனைவியின் பெயர், வயது, இனம், மதம். அடுத்து மகள்.

சுமினாவின் பெயரை எழுதினான். பிறந்த தேதியை எழுதினான். பொட்டு வைத்தாற்போல் வருஷத்தையும் எழுதி முடித்தான்.

கத்திச் சத்தம் நின்றது.

"நான் இன்னும் தேதி சொல்லலையே, தம்பி."

குட்டு உடைந்துவிட்டது. இனி மறைக்க ஒன்றுமில்லை, கேட்டுவிட வேண்டியதுதான். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தான்.

"ஆக மொத்தம் மூணு பேருங்களா?" என்றுதான் வந்தது. தன்னைத் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"நாலு" என்றார் சைமின்.

அன்ருத் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். இரண்டு வருஷமாக அவனுக்குத் தெரியாமல் இந்த வீட்டில் நாலாவது ஆள் யார்?

"பேருங்க?"

"இன்னும் வைக்கல."

"ஆணா, பொண்ணா?"

"யாருக்குத் தெரியும்?"

"வயசு?" என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டுத்தான் தலையை நிமிர்த்தினான்.

உள்ளறைத் திரைக்குப் பக்கத்தில் சுமினா நின்றிருந்தாள். துண்டால் மூக்கை இறுக்கிப் பொத்தியிருந்தாள். அவள் அம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"என் சூப்பு நாறுதாம்" என்றார் சைமின். குரலில் அவமானம் தாங்கவில்லை. "பத்து நாளா அடுப்படிப் பக்கமே வர்றதில்ல. இந்தச் சூப்பைக் குடிச்சு வளந்த உடம்பு அது! ஊருல இதுவரைக்கும் ஒரே ஒருத்திக்குத்தான் என் சூப்பு நாறுச்சு. இவ அம்மாவுக்கு. அதுவும் இவ வயித்துல இருந்தப்ப."

அன்ருத்துக்கு இதுவே புதுச் செய்தி. சுமினாவைப் பார்த்தான். அவள் துண்டுக்கு மேலே கண்ணால் ஆமாம் என்றாள். அவனுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, கூடவே அழுகையும். எதற்கும் இது நேரமில்லை, கத்தி இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"வயித்துல இருக்கறதையெல்லாம் எண்ணக்கூடாதுன்னு சட்டம்..."

"சட்டத்தைப் பத்தி நீ பேசுறியா?"

அன்ருத் நாலாவது வரிசையைத் தொடங்கினான்.

சைமின் கத்தியைக் கீழே வைத்தார். கை கழுவினார். ஒரு கிண்ணத்தில் சூப்பை ஊற்றி, ஒன்றுக்கு இரண்டாக அவித்த முட்டையைப் போட்டு, படிவத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

நாலாவது வரிசையில் அடுத்த கேள்வி, இனம். ஒரு முழ நீளப் பட்டியலில் ஹிந்துஸ்தானிக்கும் ஜாவாவுக்கும் நடுவில் அன்ருத்தின் பென்சில் இறங்க இடம் தெரியாமல் அலைந்தது.

"அதை எழுத இன்னும் ஆறு மாசம் இருக்கு, மாப்ளே" என்றார் சைமின். "கல்யாணத்துக்குத்தான் நேரமில்ல."