மீட்டர் வெளிச்சம்

காரின் வேகம் காட்டும் மீட்டர் பெட்டி மறுபடியும் கழன்று, கராஜில் உட்கார்ந்திருந்த நெவிலின் மடியில் கிடந்தது. பழைய பல்புகளைப் பிடுங்கிவிட்டு எல்.இ.டி. போட்டதும் அவர்தான், அது போதவில்லை என்று இப்போது வேறு மாற்றுவதும் அவர்தான்.

நெவிலுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. டயாலிசிஸ் முடிந்தால் தலை சுற்றும் என்பதால், ஸ்டியரிங் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விடியுமுன் குவோர்ன் ஊரிலிருந்து போர்ட் அகஸ்டா ஆஸ்பத்திரிக்கு அவரை அழைத்துப் போவது மனைவி ராஸ்லின்தான்.

மலை இறக்கம், வளைவுகள், திடீரென்று குறுக்கே பாயும் கங்காருக்கள். இருட்டில் வேகமுள் சரியாகத் தெரியவில்லை என்று அவள் சொன்ன நாளிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை.

முதலில் போட்ட எல்.இ.டி. மங்கல் என்றாள். தலைகீழாக மாட்டினால் இது எரியாதே என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பேட்டரியைச் சோதித்தார், வெளிச்சம் கூட்டும் திருகை முழுக்கத் திருப்பினார். அப்போதும் மங்கல்தான் என்றாள்.

இந்த முறை கடைக்காரர் இருப்பதிலேயே பிரகாசமானதைக் கொடுத்து, கண் கூசும் என்று எச்சரித்தும் அனுப்பியிருந்தார். பக்கத்து வீட்டு டெனிஸ் வந்து பார்த்து, விமானமா ஓட்டப் போகிறீர்கள் என்று கிண்டலடித்துவிட்டுப் போனார்.

ராஸ்லின் தேநீர் கொண்டுவந்தாள். அவர் பக்கத்திலிருந்த வேலை பெஞ்சின் விளிம்பைக் கையால் தடவிவிட்டுக் கோப்பையை வைத்தாள்.

"இதுக்கு ஏன் இப்படிக் கிடந்து அல்லாடுற?" என்றாள்.

"உனக்காக என்னால செய்ய முடிஞ்சது இது ஒண்ணுதான், ராஸ். இதையும் விட்டுட்டா நான் எதுக்கு?"

அவள் அவர் தோளை அழுத்தினாள்.

பெட்டியைப் பொருத்தித் திருகுகளை முடுக்கினார். நாளை மறுபடியும் போயாக வேண்டும். பஸ் கிடையாது, வண்டியோட்ட ஊரில் வேறு ஆளும் இல்லை.

அவளை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொல்லிவிட்டு, கராஜ் கதவை இறக்கினார். உள்ளே நல்ல இருட்டு. பக்கத்து இருக்கையில் ஏறி, எட்டிச் சாவியைத் திருப்பி விளக்கைப் போட்டார்.

பளீரென்று வெள்ளை வெளிச்சம். அவர் கண்ணை இடுக்கிக்கொண்டார். பக்கத்து இருக்கையிலிருந்தே முள்ளும் எண்களும் அவருக்குத் துல்லியமாகத் தெரிந்தன. அவளுடைய ஸ்வெட்டர் பொத்தான்கள்கூட மினுங்கின.

ராஸ்லின் முன்னால் குனிந்தாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து வெகுநேரம் பார்த்தாள். நெவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

அவள் முகம் மலர்ந்தது.

"வெளிச்சம் பிரமாதம், நெவ்," என்றாள். "நம்பரெல்லாம் எங்க?"