ஏழு நாள் சாப்பாடு

செவ்வாய்க்கிழமைக்கு நேரே பேனா நின்றுவிட்டது.

திங்கள் எழுதி முடிந்திருந்தது. காலை, மூன்று இட்லி. மதியம், ஒரு கப் சோறு, கீரைப் பொரியல், ஒரு முட்டை. இரவு, இரண்டு கோதுமை தோசை.

மூன்று கட்டம் நிரப்ப முக்கால் மணி நேரம்.

இதற்கு முன் அவள் சமையலை எழுதியதே இல்லை. காலையில் எழுந்து, கூடையில் என்ன காய் கிடக்கிறதோ அதை நறுக்குவாள். பதினான்கு வருடம் இந்த வீடு அப்படித்தான் சாப்பிட்டது. யாரும் செத்துப்போகவில்லை.

அந்தச் சொல் மனதில் வந்ததும் பேனாவைக் கீழே வைத்தாள்.

சின்னவள் சாதனாவுக்கு எட்டு வயது. பத்து நாட்களுக்கு முன் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். சர்க்கரை என்றார்கள். குழந்தைக்கா என்று கேட்டாள். குழந்தைகளுக்கு வருகிற வகைதான் என்றார் டாக்டர். இனி ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்னாலும் இன்சுலின் ஊசி.

எவ்வளவு சாப்பிடப் போகிறாளோ அவ்வளவுக்கு மருந்து. மருந்து குறைந்தால் ஆபத்து. கூடிப்போனால் அது இன்னும் சீக்கிரம் வரும்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது, உணவுப் பிரிவில் இருந்த பெண் ஒரு தாளைக் கொடுத்தாள். ஏழு நாள், மூன்று வேளை. கட்டங்கள் எல்லாம் காலி.

"வீட்ல எல்லாருக்கும் சேர்த்தே எழுதுங்க. ஒரு வாரம் எழுதிட்டீங்கன்னா பயம் பாதி போயிரும்."

போகவில்லை.

இட்லியைப் பார்த்தால் அதன் மாவுச்சத்து எண் தெரிந்தது. சோற்றைப் பார்த்தால் எண் தெரிந்தது. யாரோ ஒரு வாழைப்பழச் சீப்பைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவைத்துவிட்டாள், விஷ மருந்தை வைப்பதுபோல.

கணவன் பனியன் கம்பெனிக்குப் போயிருந்தான். ஞாயிற்றுக்கிழமையும் ஒரு ஷிப்ட். கிளம்பும்போது வாசலில் நின்று, "நான் வேணா இருந்துக்கட்டுமா?" என்றான். போகச் சொன்னாள். வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியதும், ஏன் சொன்னோம் என்றிருந்தது.

பெரியவள் தர்ஷிணி தாளை எட்டிப் பார்த்தாள்.

"எங்களுக்கு வேற, அவளுக்கு வேறயாம்மா?"

"எல்லார்த்துக்கும் ஒன்னுதான் கண்ணு."

செவ்வாய் காலை, உப்புமா என்று எழுதினாள். அடித்தாள். உப்புமாவை எப்படி எண்ணுவது?

நாளை சாதனா பள்ளிக்குப் போகிறாள். மதியம் ஊசி போட இவள் போவாள். போட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டும். அதன் பிறகு, டப்பாவில் இருந்தது முழுக்கக் குழந்தையின் வயிற்றுக்குள் போனதா என்று யார் பார்ப்பார்கள்?

உள்ளறையில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. கார்ட்டூன். சாதனாவின் சிரிப்பு இல்லை.

எவ்வளவு நேரமாக இல்லை?

ஓடினாள்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் சாதனா. மின்விசிறிக்கு நேர் கீழே. ஆனாலும் நெற்றி மயிர் வேர்வையில் ஒட்டியிருந்தது. விரல்கள் நடுங்கின.

"அம்மிணி."

கண்கள் அவள் பக்கம் திரும்பின. அவளைப் பார்த்தனவா என்று தெரியவில்லை.

சர்க்கரை பார்க்கும் மீட்டரை எடுத்து, விரலில் குத்தினாள். ரத்தம் வரவில்லை. மறுபடி குத்தினாள். மீட்டர் யோசித்தது.

48. எழுபதுக்குக் கீழே இறங்கவே கூடாது என்றிருந்தார்கள்.

"தர்ஷிணி! சக்கரையக் கரைச்சுக் கொண்டா, ஓடு!"

டம்ளர் பல்லில் இடித்தது. முதல் வாய் கவுனில் சிந்தியது. அடுத்தது உள்ளே போனது. மிடறு மிடறாகப் போனது.

பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும்.

மடியில் போட்டுக்கொண்டு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். தர்ஷிணி காலி டம்ளருடன் நின்று அழுதாள். அம்மாவுக்கு அழுகை வரவில்லை. இன்று காலையில் மூன்று இட்லி. மூன்று இட்லிக்கான மருந்து. இரண்டு முறை சரிபார்த்துத்தான் போட்டாள். எங்கே தப்பு?

86.

சாதனாவின் உதட்டில் நிறம் வந்திருந்தது. அப்போதுதான் கேட்டாள்.

"காலைல மூனு இட்லியும் தின்னியா?"

மடிக்குள் முகம் இன்னும் புதைந்தது.

"சொல்லு சாமி. அம்மா திட்டமாட்டேன்."

"ஒன்னுதான் தின்னேன். நீ அப்பாவ அனுப்ப வாசலுக்குப் போனப்ப, ரெண்ட சன்னல் வழியா காக்காய்க்குப் போட்டுட்டேன்."

"ஏன்?"

"பசிக்கல. சொன்னா நீ பயந்துக்குவே."

கார்ட்டூனில் யாரோ பாடினார்கள். தர்ஷிணி போய் அதை நிறுத்தினாள்.

ஊசி போட்ட பிறகு தட்டையே பார்த்துக்கொண்டிருந்த தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அம்மா நினைத்துப் பார்த்தாள். நினைக்க முடிந்தவரை நினைத்தாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தாளைத் திரும்ப எடுத்தாள். தரையில் உட்கார்ந்து, சாதனாவை அருகில் இழுத்துக்கொண்டு, பேனாவை அவள் கையில் கொடுத்தாள்.

"நீ சொல்றதுதான் சமையல். எழுது."

செவ்வாய் காலை, தோசை. எத்தனை? சாதனா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு என்று போட்டாள். செவ்வாய் மதியம், எலுமிச்சஞ்சோறு. அக்காவுக்கும் அதுதான் பிடிக்கும் என்றாள். இரவு, முட்டை தோசை, அப்பாவுக்காக.

புதன் காலைக் கட்டத்தில் பேனா சற்று நின்றது. பிறகு எழுத்துக் கூட்டி, மெதுவாக எழுதினாள்.

பசிக்காது.

எழுதிவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"சரி," என்றாள் அவள். "அப்படி இருந்தா, ஊசி போடறதுக்கு முன்னாடியே சொல்லிப்போடோணும்."

குரல் நடுங்காமல்தான் வந்தது.

சாதனா இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.