பாதுகாப்புப் பாடம்

இணையப் பாதுகாப்புப் பாடத்தை மாலைக்குள் முடித்தால்தான் வேலை நிரந்தரம். கணக்குப் பிரிவில் புதிதாய்ச் சேர்ந்தவளுக்கோ அந்தப் பக்கமே திறக்கவில்லை.

"எனக்கு ஒரே தட்டுல திறந்துச்சே!" என்றார் மேலாளர், அந்தப் பாடத்தை முடித்ததற்கு வாங்கி, சட்டம் போட்டு மாட்டிய தன் சான்றிதழைப் பார்த்தபடி. "வா, என் கம்ப்யூட்டர்ல காட்டுறேன்."

திறந்தது. எல்லாரும் உடனே நீக்க வேண்டும் என்று அவரே உத்தரவு போட்ட பழைய பிரவுசரில்!

அவள் திரையைச் சுட்டிக் காட்டினாள். "சார், இதுல ஓட்டை இருக்குன்னு நீங்கதானே..."

"பாடம் இதுல மட்டும்தாம்மா ஓடுது. நான் என்ன பண்ண? நீ பரீட்சையை எழுது."

கடைசிக் கேள்வி: 'அலுவலகத்தில் யாராவது பழைய பிரவுசரை வைத்திருந்தால் என்ன செய்வீர்கள்?'

'மேலிடத்துக்குத் தெரிவிப்பேன்' என்ற விடையை நோக்கி அவள் விரல் நகர்ந்தது.

மேலாளர் குனிந்து கிசுகிசுத்தார்: "அந்த ஒண்ணுக்கு மட்டும் தப்பா போடும்மா. நானும் அப்படித்தான் பாஸானேன்."