தொண்ணூத்தி மூணு குட் மார்னிங்

காலையில ஏழு மணி ஆச்சுன்னா போதும். ராசம்மா அக்கா பவுடர் பூசி, பூ வெச்சு, அடைச்சுக் கெடக்கிற லொங்காங் ஓரமா போய் நிக்கும். கையத் தூக்கி ஒரு செல்பி!

அவனவன் கடற்கரையில எடுப்பான். சாக்கடைக்குப் பக்கத்துல பல்லக் காட்டுறது இந்தத் தாமான் குடியிருப்புலயே இது ஒண்ணுதான்.

மணியத்துக்குப் பத்திக்கிட்டு வரும். பின்ன? அந்த லொங்காங்க ஒட்டி அவன் வீடு. போன மழையில, மூவார் டவுன்ல ஆசையா வாங்கின சோபா ஊறிப் புட்டு மாதிரி உதிர்ந்து போச்சு. புது சோபாவ செங்கல் மேல ஏத்தி வெச்சிருக்கான். உக்காந்தா காலு தரைக்கு எட்டாது, தொட்டில் புள்ள மாதிரி ஆடும்.

போன்ல கவுன்சில் ஆப்புல நாலு தடவ புகார் போட்டான். நாலுக்கும் "செலெசாய்"னு பதில். வேல முடிஞ்சிருச்சாம்!

ஒரு நாள் அக்காகிட்டயே போய்க் கேட்டான். "யக்கா, இங்க ஒருத்தன் வயிறெரியுறான். ஒங்களுக்கு சாக்கடப் பக்கமா மாப்பிள்ள பாக்குறாங்களா?"

"குட் மார்னிங் அனுப்புறேன்லா தம்பி."

தாமான் வாட்ஸ்அப் குரூப்புலயும் தெனம் அதே மூஞ்சி. அட்மின் மணியம் அக்காவத் தூக்கி வெளிய போட்டான்.

மழைக்காலத்துக்கு முந்தின வாரம் தாமான் மண்டபத்துல கூட்டம். கவுன்சிலர் குணாளன் வந்தாரு.

"லொங்காங் அடைப்பா? என் கவனத்துக்கு யாருமே கொண்டு வரலியே!"

மணியம் போனை நீட்டினான். "நாலு புகார், சார்."

"செலெசாய்னு போட்டிருக்கே. அப்புறம் என்ன தம்பி?"

பின்னாலேருந்து ராசம்மா அக்கா எந்திரிச்சு, பக்கத்துல இருந்த பேத்திகிட்ட போனை நீட்டுச்சு.

"லோஷினி, என் போனை அந்த டிவியில போடு."

டிவியில ரோசாப்பூ, 'இனிய காலை வணக்கம்', அக்காவோட பல்லு. அதுக்குப் பின்னால லொங்காங். கீழ தேதி. அதுக்கும் கீழ கவுன்சிலர் பதில்: "குட் மார்னிங்மா! சூப்பர்!"

இப்படித் தொண்ணூத்தி மூணு.

ஒரு படத்துல லொங்காங்ல பழைய மெத்த மெதக்குது. அதுக்குப் பதில்: "அழகான காட்சி!"

மண்டபமே குலுங்கிச்சு.

"பேனர்ல நீங்க போட்ட நம்பர்தான் சார். புகார்னு அனுப்பினா தொறக்க மாட்டீங்க. குட் மார்னிங்குக்கு மட்டும் ஒடனே பதில் வருது. இனிமே பாக்கலன்னு சொல்லுவீங்களா?"

கவுன்சிலர் மூஞ்சி மொளகா சம்பல் மாதிரி செவந்துச்சு.

மறுநாள் எட்டு மணிக்கு ரெண்டு லாரி, மண் வார்ற மெஷினு. சாயங்காலம் தண்ணி சலசலன்னு ஓடுச்சு. தாமானே வெளிய வந்து கை தட்டுச்சு.

மணியம் அக்காவ மறுபடி குரூப்புல சேத்துட்டு, தலைய சொறிஞ்சுக்கிட்டே போய் நின்னான்.

"மன்னிச்சிருங்கக்கா. ஆமா, ஒங்க வீடு மேட்டுல இருக்கே, எந்த வெள்ளமும் வராதே. நீங்க எதுக்கு மூணு மாசமா அந்த நாத்தத்துல நின்னீங்க?"

"சோபாவுல உக்காந்தா ஒன் காலு தரையில படணும்லடா!"