எதுக்குங்க விக்கறீங்க?

"தம்பி, மொதல்ல அந்த மஞ்சக் காரை வித்துப்போடுங்க. ரெண்டே சீட்டு காரு வெச்சிருக்கற பையனுக்கு ஆருங்க பொண்ணு குடுப்பாங்க? பொறக்கற கொழந்தையை டிக்கியிலயா போடுவீங்க?"

போனில் கத்தியவர் சென்னகிருஷ்ணன். அன்னூர் வட்டாரத்தில் காடு, காரு, கல்யாணம் எல்லாவற்றுக்கும் அவர்தான் தரகர்.

பிரவின்குமார் கோவை கணபதியில் லேத் பட்டறை போட்டு, மாடாய் உழைத்து, ஆசை ஆசையாய் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார். ஆனால் மேட்டுப்பாளையத்துப் பெண்ணின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து பையனுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லையே! ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள். அதற்குள் காரைத் தள்ளிவிட வேண்டும்.

ஆன்லைனில் விளம்பரம் போட்டான்.

"வாங்க வர்றவங்ககிட்ட வாயை உட்றாதீங்க," என்று அதற்கும் பாடம் எடுத்தார் தரகர். "அவுங்க வர்றதுக்கு முன்னாடியே இஞ்சினைச் சூடு பண்ணி வெச்சுருங்க. குளுந்து கெடந்தாத்தான் கொறையெல்லாம் தெரியும்."

வெள்ளிக்கிழமை பட்டறை வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றிய அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும்.

"ஏனுங்க, காரு விக்கறதுன்னு போட்டிருந்தீங்களே?"

"உங்களுக்குங்களா?"

"எம் பொண்ணுக்குங்க."

பொழுது போகாமல் வந்திருக்கிறார் என்றுதான் பிரவின்குமார் நினைத்தான். அந்தம்மாவோ நேராகப் போய் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"சூடு பண்ணாமத்தான் வெச்சிருக்கீங்க. பரவால்லீங்களே!"

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடேங்கப்பா, விவரமான ஆளு!

குனிந்து டயரின் உள்பக்கத்தைத் தடவினார். தலையைச் சாய்த்து, வெயிலில் மின்னிய பெயின்ட்டைப் பார்த்தார்.

"முன்னாடி பம்பர் மட்டும் நெறம் கொஞ்சம் தூக்கலா இருக்குதுங்களே?"

வாயை விடாதே என்று தரகர் சொன்னது ஞாபகம் வந்தது. என்ன செய்ய, முகத்தைப் பார்த்துப் புளுக அவனுக்கு வரவில்லை.

"மாத்துனதுங்க. நாய்க்குட்டி ஒண்ணு குறுக்கே வந்துச்சு. ஸ்டியரிங்கை ஒடிச்சதுல புளியமரத்துல உட்டுட்டேன்."

"குட்டி?"

"அது வாலாட்டிக்கிட்டே போயிருச்சுங்க."

"ரேசுக்குக் கொண்டு போனீங்களா?"

"ஒரே ஒருக்கா. செட்டிபாளையம் டிராக்குக்கு."

"ஜெயிச்சீங்களா?"

"கடைசிங்க."

அந்தம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு சாவியை வாங்கினார். தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தார்.

"கிளச்சு தேஞ்சு போச்சாட்டிருக்குது. இதுல ஆரோ புதுசா ஓட்டிப் பழகியிருக்காங்க. டிரைவிங் ஸ்கூல் நடத்தறவளுக்கு இது தெரியாதுங்களா?"

"எங்கப்பாதானுங்க. காலம்பூரா அடுத்தவங்க காட்டுல வேலை செஞ்சவரு. ஒரு நாளாச்சும் சந்தைக்குத் தானே காரு ஓட்டிக்கிட்டுப் போகோணும்னு அவருக்கு ஆசை."

"அதுக்கு ஸ்போர்ட்ஸ் கார்லயா கத்துக்குடுத்தீங்க?"

"எங்கிட்ட வேற காரு இல்லீங்களே! கிளச்சு மாத்தித்தான் ஆகோணுமுங்க."

அந்தம்மா சாவியைத் திருப்பிக் கொடுத்தார்.

"கடைசியா ஒண்ணு. இத்தனை ஆசையா வெச்சிருக்கற காரை எதுக்குங்க விக்கறீங்க?"

இங்கேதான் மாட்டிக்கொண்டான். முன்பின் தெரியாதவரிடம் பெண்ணையும் கல்யாணத்தையும் எப்படிச் சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அது வந்துங்க... போரடிச்சுப் போச்சு."

"அப்படீங்களா?" ஹெல்மெட்டை மாட்டினார். "ஊட்ல கலந்துக்கிட்டுச் சொல்றேனுங்க."

சொல்லவே இல்லை. "எல்லாக் கொறையையும் நீங்களே சொல்லிப்போட்டா எவன் வாங்குவான்?" என்று சென்னகிருஷ்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

ஞாயிறு காலை, அப்பா அங்கப்பனும் மகனுமாகக் காரை வீட்டுக்குப் பின்னால் பொடக்காளிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். தார்ப்பாயைப் போட்டு மூடி, மேலே சோளத்தட்டையும் பரப்பினார்கள்.

பெண் வீட்டார் வந்து இறங்கினார்கள். முதலில் இறங்கிய பெண்ணின் அம்மாவைப் பார்த்ததும் பிரவின்குமாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அதே ஸ்கூட்டி அம்மா!

வீடு பார்க்க வந்தவரல்லவா, ஒவ்வொரு அறையாகப் பார்த்துக்கொண்டே பொடக்காளிக்கும் போய்விட்டார். சோளத்தட்டை ஒதுக்கி, தார்ப்பாயின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"எம் பொண்ணுதானுங்க விளம்பரத்தைப் பாத்துப்போட்டு, 'பேரு நம்ம மாப்ளை பேராட்டவே இருக்குது, போய்ப் பாத்துட்டு வாம்மா'ன்னா. ஊரெல்லாம் விசாரிச்சாலும் ஒரு ஆளோட கொணம் தெரியாதுங்க. பழைய காரு விக்கறப்ப நாலு கேள்வி கேட்டாத் தெரிஞ்சுபோகும்."

சென்னகிருஷ்ணன் பதறிக்கொண்டு முன்னால் வந்தார். "அம்மணி, நாளைக்கே இந்தக் காரை வித்துப்போடறோமுங்க!"

"ஏனுங்க விக்கோணும்? சின்னஞ்சிறுசுக ரெண்டு பேருக்கு ரெண்டு சீட்டு போதாதுங்களா? எனக்குத்தான் ஸ்கூட்டி இருக்குதே!"

அங்கப்பன் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்தம்மா மட்டும் விடவில்லை.

"மாப்ளே, காரு வாங்க வந்தேன்னு நான் ஒரு பொய் சொன்னேன். அதை இப்ப சபையில சொல்லிப்போட்டேன். நீங்க சொன்ன பொய் ஒண்ணு பாக்கி நிக்குது. நெசத்தைச் சொல்லுங்க, எதுக்குங்க விக்கப் பாத்தீங்க?"

பிரவின்குமார் தலையைச் சொறிந்தான்.

"உங்களுக்குப் பயந்துதானுங்க, அத்தை!"