மாடியில் ஒரு ஆம்பளைக் குரல்

"என்னங்க, மாடி வீட்டுல ஆம்பளைக் குரல் கேக்குதுங்க!"

கீழ் வீட்டம்மா இதோடு மூன்றாம் முறையாகச் சொல்லிவிட்டாள். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கணவர், "ம்" என்றார்.

"ம்மாவது சும்மாவது! அந்த ஏலக்காரர்தான் வாயே திறக்கக் கூடாதே. அப்புறம் பேசறது யாரு?"

"ம்."

மாடி வீட்டுக்காரர் ஏலம் போடுகிறவர். 'ஒரு தரம்' என்று அவர் ஆரம்பித்தால் அடுத்த தெருவில் கை தூக்குவார்கள். வாயில் புற்றுநோய் வந்தது. கதிர்வீச்சு கொடுத்துக் குணமாக்கினார்கள். அப்பாடா என்று ஒரு சொத்தைப் பல்லைப் பிடுங்கிக்கொண்டார், வந்தது வினை. கதிர்வீச்சில் நலிந்துபோன தாடை. பிடுங்கிய இடம் ஆறாமல், கிருமி புகுந்து எலும்பையே அரித்துவிட்டது.

அரித்ததை ஆபரேஷனில் எடுத்த டாக்டர், "பேசவே கூடாது. ஆனா சத்தா நிறையக் குடிச்சே ஆகணும். உடம்பு தேறலைன்னா புண் ஆறாது, மறுபடியும் வெட்டணும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அப்படிப்பட்ட மனுஷனைப் படுக்கையில் போட்டுவிட்டு, மேலே ஒரு கட்டைக் குரல்! கூடவே அவர் மனைவியின் சிரிப்பு!

"இன்னிக்குக் கையும் களவுமாப் பிடிக்கிறேன் பாருங்க!"

முந்தானையைச் செருகிக்கொண்டு படியேறியவள், ஒருக்களித்திருந்த கதவைப் படாரென்று தள்ளினாள்.

கட்டிலில் ஏலக்காரர், தாடையில் கட்டோடு. எதிரே அவர் சட்டையை மாட்டிக்கொண்டு அவர் மனைவி. ஒரு கையில் சூப், மறு கையில் ஏலச் சுத்தியல். தொண்டையைக் கட்டையாக்கி முழங்கினாள்.

"அருமையான பூசணி சூப்! பல்லுக்கு வேலையே இல்லை! ஒரு தரம்... ரெண்டு தரம்..."

ஏலக்காரர் கை தூக்கினார். உறிஞ்சு குழாய் அவர் உதட்டுக்குப் போனது.

"ஐயாவுக்கு ஒரு வாய்!" டொக்கென்று சுத்தியல்.

சிரித்தால் வலிக்குமே! கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, தோளை மட்டும் குலுக்கிச் சிரித்தார் மனிதர்.

"வாங்கக்கா! சும்மா குடுத்தா தொடவே மாட்டேங்கிறார். ஏலம்னா விடமாட்டார். போட்டிக்குத்தான் ஆளில்லை, நீங்களும் தூக்குங்க!"

கீழ் வீட்டம்மாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தானும் கையைத் தூக்கினாள். ஏலக்காரர் விடுவாரா? இரண்டு கையையும் தூக்கினார். கிண்ணம் காலி!

இறங்கி வந்தாள். கணவர் அதே நாற்காலி, அதே டிவி. நேரே சமையலறைக்குப் போய் டீ போட்டாள்.

"ஆகா, டீ பிரமாதம்! உன் கைப்பக்குவமே தனிதான்!" என்றாள் கட்டைக் குரலில்.

"அய்யே, போங்க!" என்றாள் தன் குரலில்.

ஹாலில் டிவி சட்டென்று நின்றது.

"உள்ளே யாருடி? ஆம்பளைக் குரல் கேக்குது!"

"நீங்கதான்!"