தமிழ்மதியின் விமானம் இறங்கவில்லை

மலைக்கோட்டைப் பாறைமேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. நம்பாதவர்கள் டீக்காரர் இஷாக்கைக் கேட்டுக்கொள்ளலாம். என்னைவிட அவர்தான் நன்றாகப் பார்த்தவர்.

"சூரியனைப் பாத்துத்தான் எறிவேன் சார்" என்றாள் தமிழ்மதி.

மைதானத்தில் வரிசையாக நின்ற என்.சி.சி. விமானப் பிரிவு மாணவர்கள் சிரித்தார்கள். அன்று மாதிரி விமானப் போட்டி. அவரவர் மரச்சில்லில் செய்த, எஞ்சின் இல்லாத குட்டி விமானத்தை ஓடிவந்து எறிய வேண்டும். அதிக நேரம் காற்றில் நிற்கும் விமானத்தைச் செய்தவருக்கு முகாமில் இடம். அங்கே நிஜ விமானத்தில் ஏற்றிப் பறக்க வைப்பார்கள். இருந்தது ஒரே ஓர் இடம்.

அது விக்னேஷ்குமாருக்குத்தான் என்று பயிற்சி ஆசிரியர் சார்லஸ் முந்தின வாரமே முடிவு செய்திருந்தார். அதை மறைக்கவும் இல்லை. மற்றவர்கள் எறிந்து முடித்திருந்தார்கள்; அவனும் தமிழ்மதியும்தான் பாக்கி.

"எப்படியோ எறிஞ்சுட்டு ஒதுங்கு. பொம்பளப் புள்ளைக செய்யிற பிளேனு அந்தா நிக்கிற புங்கமரத்தத் தாண்டாது."

"செக் பண்ணலையா சார்?" என்று கேட்டான் விக்னேஷ்குமார். தமிழ்மதியின் கைக்குள்ளிருந்து விமானத்தின் மூக்கு மட்டும் எட்டிப் பார்த்தது.

"இத வேற செக் பண்ணணுமாக்கும்! ஏலே, நீ கடைசியா எறி. எல்லாருக்கும் சட்டம் ஒண்ணுதான். கைய விட்டதும் வாட்ச் ஓடும், தரையத் தொட்டாத்தான் நிக்கும். ஒண்ணு இறங்காம இன்னொண்ணு ஏறக்கூடாது."

"பேச்சு மாற மாட்டீங்களே சார்?"

"நான் சொன்னா சொன்னதுதான்."

தமிழ்மதி ஓடிவந்தாள், எறிந்தாள். எல்லோரும் அண்ணாந்தோம். எல்லோருக்கும் கண்ணில் நீர் கட்டியது.

"எங்க போச்சு?" என்றார் சார்லஸ்.

"மேல" என்றாள், நெற்றிக்குக் கையை அண்டக் கொடுத்தபடி.

ஆளாளுக்கு வானத்தைத் துழாவினோம். பிறகு இஷாக் டீக் கேனைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினார். "அந்தா போகுதுல்ல! கோட்டைக்கு மேல!"

அதற்கப்புறம் எல்லோருக்கும் தெரிந்தது. பாறையிலிருந்து கிளம்பும் சூட்டுக்காற்று அதைத் தூக்கிக்கொண்டது. எதிரே வந்த ஒரு பருந்து மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டது. அன்றைக்கு என் மூக்குக்கண்ணாடி வீட்டில் கிடந்தது. அப்படியும் இறக்கையின் நீலம் எனக்குத் தெரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெயில் ஏறியது. விமானம் இறங்கவில்லை.

"சார், நான் எறியட்டுமா?" என்றான் விக்னேஷ்குமார்.

"என்னோடது இன்னும் பறக்குது" என்றாள் தமிழ்மதி.

சார்லஸுக்குக் கோபம் வந்தது. "காணாமப் போன பிளேனுக்கெல்லாம் கணக்குக் கிடையாதும்மா. ஒதுங்கு."

"காணாமப் போகல சார். உங்க கண்ணுக்குத் தெரியலைன்னா அது பிளேனு குத்தமா?"

"எதுத்தா பேசுற?"

"தரையில கெடக்குறதக் காட்டுங்க சார். இந்த டிரெஸ்ஸக் கழட்டிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிர்றேன்."

விக்னேஷ்குமாரையே சைக்கிளில் தேட அனுப்பினார். அவன் கோட்டையைச் சுற்றி, குளக்கரையைச் சுற்றி, சட்டை நனைந்து திரும்பி வந்தான். "தரையில எங்கயும் இல்ல சார்."

பிரியாணிப் பொட்டலம் வந்தது. சார்லஸ் இடது கையில் ஓடும் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தார். தமிழ்மதி சாப்பிட உட்காரவில்லை. எறிந்த இடத்துக் கோட்டின்மேல் விறைப்பாக நின்றாள். "உக்காந்தா விட்டுக்குடுத்தேன்னு சொல்லிப்புடுவாங்க" என்று தோழி ஐரினிடம் சொன்னாள். ஐரின் அவளுக்குச் சோற்றை ஊட்டிவிட்டாள்.

இதற்கிடையில் இஷாக், பழனிக்கும் அப்பால் கீரனூரில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் சிநேகிதரைப் போனில் கூப்பிட்டு, எல்லோரும் கேட்கும்படி வைத்தார்.

"ஏனுங்க, எங்க தோப்பு மேல என்னமோ சுத்துதுங்க. இப்பத்தான் பாத்தனுங்க."

"நீலமாவா இருக்கு?"

"நீலமாத்தானுங்க இருக்குது!"

"நீலம்தான்யா" என்று சார்லஸ் குறுக்கே பாய்ந்தார். "பழனிப் பக்கம் திரும்புனப்பவே நான் பாத்தேன்ல. கீரனூர்ல இருக்கவன் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமாக்கும்!"

மைதானமே அவரைத் திரும்பிப் பார்த்தது.

"அப்பப் பறக்குதுன்னு ஒத்துக்கிறீங்கள்ல சார்?" என்றாள் தமிழ்மதி.

சார்லஸ் கடிகாரத்தைப் பார்த்தார். பொழுது சாய்ந்து, புங்கமரத்து நிழல் மைதானத்தைத் தாண்டிப் போயிருந்தது. விக்னேஷ்குமார் எறியாத விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டான்.

"கேம்புக்குத் தமிழ்மதி" என்றார் கடைசியில், யாரையும் பார்க்காமல். பிறகு அவள் பக்கமாகக் குனிந்து, தணிந்த குரலில் கேட்டார். "ஏம்மா, இந்த வாட்ச்ச இனிமே நிறுத்திக்கிரட்டுமா?"

"நிறுத்திக்கங்க சார். கை வலிக்குமில்ல."

ஊர் திரும்ப, எரியோடு போகும் பஸ்ஸில் தமிழ்மதிக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழியனுப்ப வந்த ஐரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டி உறுமத் தொடங்கியதும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்டி, நெசமாவே கீரனூர் வரைக்குமா போயிருச்சு?"

தமிழ்மதி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"காலையில வரும்போதே பஸ்ஸுல ஒரு ஆளு அது மேல உக்காந்து நொறுக்கிப்புட்டாருடி."